நொடிக் கணக்கு

எண்ணூர் சாலையோரம்
துறைமுகத்துக்குள் போக முறை வராமல்
தூங்கிக் கிடக்கும் டிரெய்லர்கள்.
நெருக்கி நிறுத்தினால் நூறு.
அதுதான் ஆயிரத்து அறுநூறு மீட்டர்,
ஒன்றிரண்டு முன்னே பின்னே.

விடிகாலை நாலரைக்கு யுவஸ்ரீ ஓடுவாள்.
பக்கத்தில் மொபெட்டில் நான்,
காசிமேட்டு ஏலத்துக்குப் போகும் ஐஸ் பெட்டி
பின்னால் சொட்டச் சொட்ட.
பல் துலக்கிக்கொண்டே லாரிக்காரர்கள் பார்ப்பார்கள்.
ராஜஸ்தான்காரர் ஒருவர் மட்டும்
நுரை வாயோடு கை தட்டுவார்.
"ஏழரை நிமிஷத்துக்குள்ள வரணும்ப்பா."
"வா, வா, இழுத்து ஓடு" என்று கத்தியது
இதே வாய்தான்.

ஒருநாள் கடிகாரம் ஏழு இருபத்தைந்து காட்டியது.
ஏழு முப்பது என்றேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியாது.
தெரியும்.

மறுநாளும் ஐந்து நொடி கூட்டினேன்.
அடுத்த மாதம் பத்து.
இருபத்திரண்டு வருஷத்தில்
ஐஸில் ஒரு கிலோ குறைத்துப் போட்டதில்லை,
கேட்டுப் பாருங்கள் எந்தப் படகிலும்.
மகளிடம்தான் திருடினேன்.

சலித்து உட்கார்ந்துவிடுவாள் என்று பார்த்தேன்.
உட்காரவில்லை.
உதட்டைக் கடித்துக்கொண்டு
"நாளைக்குப் பாருப்பா" என்றாள்.
நான் கூட்டிய ஒவ்வொரு நொடியையும்
அவள் ஓடியே கழித்தாள்.
தேர்வு மைதானத்தில் ஆறு ஐம்பத்தெட்டு.
அங்கே கடிகாரம் பிடித்தவர்
அவளுக்கு அப்பா இல்லை.

தாளில் என் பெயரைப் பார்த்து
அதிகாரி ஒருவர் சிரித்தாராம்:
"தேசப்பனா! பேரிலேயே தேசம் இருக்கே!"
எங்கள் தெருமுனைச் சாமியின் பெயர் அது.
அவருக்குத் தெரிந்த தேசம்
கல்மண்டபத்தோடு முடிகிறது.

கறுப்பு டிரங்குப் பெட்டிக்குப் பெயர் எழுதியவன்
படகுக்கு நம்பர் எழுதும் பையன்.
அதனால் அவள் பெயரும்
கடலுக்குப் போகிற மாதிரியே இருந்தது,
கொட்டை எழுத்தில், அடியில் ஒரு அலைக்கோடு.
சென்ட்ரலில் தூக்கிக் கொடுக்கப் போனேன்.
"கை வைக்காதப்பா, இன்னும் காயல."
அதற்குள் கட்டைவிரலில் வெள்ளை.
வண்டி நகர்ந்தது.
அன்றிரவே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன்.
இரண்டு நாள் வைத்திருக்கலாம்.

அவள் அம்மா இன்னும் ராத்திரியில்
கொண்டைக்கடலை ஊறப்போடுகிறாள்.
அதே அளவு.
காலையில் இருவரும் பேசாமல் மெல்லுகிறோம்.
என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது.
"இவ்வளவு எதுக்கு சித்ரலேகா?" என்றேன் ஒருமுறை.
அப்போது பார்த்த பார்வையில்
மறுபடி கேட்கும் எண்ணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன்.
எட்டு நிமிஷம் அம்மாவுக்கு:
சாப்பாடு, முடி, கால் கொப்புளம்,
பக்கத்துக் கட்டில் மணிப்பூர்ப் பெண்ணுக்குக்
கருவாடு பிடிக்குமாம்.
என் கைக்கு வந்தபோது
இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.
பிறகு அவள் சொன்னாள்:
"இங்க வாட்ச் எல்லாம் கரெக்டா ஓடுதுப்பா."
சிரித்தாளா, மூச்சு வாங்கினாளா?
"சரியாக் கேக்கலம்மா" என்றேன்.
வீட்டில் அவ்வளவு அமைதி,
தெருக்குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

திங்கட்கிழமை நாலரை.
வண்டியைத் திருகினாலும்
அவள் வேகத்துக்கு மேல் ஓட்ட வரவில்லை.
நாற்பதாவது டிரெய்லர் பக்கம்
ராஜஸ்தான்காரர் பிரஷ்ஷோடு நின்றார்.
எங்கே என்று புருவத்தால் கேட்டார்.
எனக்கு இந்தி வராது.
கையை நீட்டிக் காட்டினேன், தூரம் என்று.
அவர் அந்தப் பக்கம் பார்த்தார்,
ரொம்ப நேரம்.
கடல்தான் இருந்தது அங்கே.
பெங்களூர் என் முதுகுக்குப் பின்னால்.